டீயோடு நிகோடின் சூயிங்கம் மெல்லலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. 16 வருடமாக ஒரு நாளைக்கு 12, 13 சிகரெட். இந்த முறை விட்டே தீருவது என்று மெடிக்கலில் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். டீக்கும் தம்முக்கும்தான் பழக்கம் என்பதால், டீ குடிக்கும்போதெல்லாம் ஒன்று மெல்கிறேன். நாளைக்கு மூன்று நாலு ஆகும். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, ஆசை மட்டும் அடங்கவில்லை. நாலாம் நாள் மறுபடி பற்றவைத்துவிட்டேன். நிகோடினே கேன்சர் தரும் என்று நண்பர் வேறு பயமுறுத்துகிறார். தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். கோளாறு மருந்தில் இல்லை, மெல்லுகிற விதத்தில். பபிள்கம் மாதிரி சவைத்து எச்சிலை விழுங்கியிருக்கிறீர்கள் என்பதை உங்கள் விக்கலே சொல்கிறது. விழுங்கிய நிகோடின் வயிற்றைத்தான் எரிக்கும். அதில் பெரும்பங்கைக் கல்லீரல் வழியிலேயே அழித்துவிடும், மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

இது கன்னத்தின் உட்தோல் வழியாக ஏற வேண்டிய மருந்து. மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்தாற்போல் சுருக்கென்று ஒரு காரம் வரும். வந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பாட்டிமார் வெற்றிலையை அடக்கிக்கொள்வதுபோல. ஒரு நிமிடத்தில் காரம் தணியும். அப்புறம் மறுபடி இரண்டு மெல்லு, வேறு பக்கம் ஒதுக்கு. இப்படி ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் ஓடும். சிகரெட் புகை சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது. சூயிங்கம் அந்த வேகத்தில் வேலை செய்யாது, 20, 30 நிமிடம் ஆகும். ஆசை உச்சத்துக்கு வந்த பிறகு வாயில் போட்டால் ஏமாற்றம்தான்.

டீ விஷயத்துக்கு வருகிறேன். வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிகோடின் தோலுக்குள் இறங்காது. அதற்காகவே சூயிங்கத்தில் புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (அல்கலி) கலக்கிறார்கள். டீ, காபி, எலுமிச்சைச் சாறு, சோடா எல்லாம் அதைக் கெடுத்துவிடும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து முடிகிறவரை தண்ணீர் மட்டும் போதும். நீங்கள் வாங்கிய பாதி மருந்து டீயில் போயிருக்கிறது.

எண்ணிக்கையும் போதாது. முதல் ஆறு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாவது வேண்டும், அதாவது நாளைக்கு எட்டு ஒன்பது. பிறகு இடைவெளியைக் கூட்டி, 12 வாரத்தில் நிறுத்திவிடலாம். காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவரா? அப்படியென்றால் 4 மி.கி. தேவைப்படலாம், அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நண்பருக்குச் சொல்லுங்கள்: கேன்சரைத் தருவது புகை. அதில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் 70-ஐ ஒட்டி புற்றுநோய் உண்டாக்குபவை. நிகோடின் செய்வது அடிமையாக்குவது. சூயிங்கம் போன்ற நிகோடின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பலரும் கவனிக்காத ஒன்று. சிகரெட் புகை, உடல் காஃபினைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும், அதே மூன்று நாலு டீ இப்போது ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். தம் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள். (மனநல மாத்திரையோ ஆஸ்துமா மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், சிகரெட்டை விடப்போவதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சிலவற்றின் அளவைக் குறைக்க நேரும்.)

நாலாம் நாள் சறுக்கியது ஒன்றும் அதிசயமில்லை, முதல் மூன்று நாலு நாள்தான் மிக மோசம். பேச்சுத்துணை வேண்டுமென்றால் 1800-11-2356, மத்திய அரசின் இலவச எண்.

டீக்கடைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், திருப்பூரில் அது நடக்கிற காரியமா? பதினொரு மணிக்கு டீ என்றால் பத்தேகாலுக்கே ஒன்றை வாயில் ஒதுக்கி, பத்தேமுக்காலுக்குத் துப்பிவிடுங்கள். கிளாஸ் கைக்கு வரும்போது நிகோடின் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும்.