பேச்சுப் போட்டியில் தோற்ற மகள் உயர்தரத்தில் என்ன படிக்கலாம்?

அக்கா, "கோட்ட மட்டத்தோடு நின்றுவிட்டாள், இனி மேடையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்" என்று போன கிழமை கேட்டீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

தமிழ்மொழித் தினப் போட்டியில் அவள் பேசியதை நானும் கேட்டேன். தலைப்பு, மலையக மக்களின் காணியுரிமை. "இருநூறு வருடம் இரத்தம் சிந்தினோம், காணி தா!" என்று முடித்தபோது மண்டபமே கைதட்டியது. ஆனால் எதிரே ஒரு தோட்டத்துத் துரை இருந்தார் என்று வையுங்கள். "உழைத்ததற்குத்தான் சம்பளம் கொடுத்தோமே" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார். உழைப்புக்கும் காணிக்கும் நடுவே ஒரு படி விடுபட்டுவிட்டது. அதை நாம் சொல்லாவிட்டால், கேட்பவர் தனக்கு வசதியான படியைப் போட்டுக்கொள்வார்.

இப்படிப் பேசியிருக்கலாம். லயக் காம்பரா, அதாவது வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம், குடும்பத்தின் கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாமல் காணியை ஈடுவைத்து வங்கியில் வீட்டுக் கடன் எடுக்க முடியாது. தோட்ட வேலையை விட்டால் இருக்கிற கூரைக்கும் உத்தரவாதமில்லை. ஆகவே 7 பேர்ச்சஸ் என்ற சிறு துண்டுதான் என்றாலும் சொந்தப் பெயரில் உறுதியோடு வேண்டும். இதை மறுக்கிறவர் ஏதாவது ஒரு படி பிழை என்று காட்டியாக வேண்டும், அது லேசில்லை. இரத்தம் சிந்திய கதையையும் சொல்லட்டும், ஆனால் இதற்கு அப்புறம்.

பழைய தருக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் போல. நம்முடைய மலையில் பாதி நாள் தெரிவது புகையே இல்லை, பனிமூட்டம்! அதைப் புகை என்று நம்பினால் முடிவும் பிழைத்துவிடும். மகள் பேச்சில் அடித்துச் சொன்ன ஒரு புள்ளிவிவரமும் அப்படித்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன், முகநூலில் என்றாள்.

உயர்தரக் கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. எடுகூற்று (காரணமாக வைக்கும் கூற்று), முடிவு, போலி (சரிபோலத் தெரியும் பிழையான வாதம்) எல்லாம் அதில் வரும். கஷ்டமான பாடம் என்று பயமுறுத்துவார்கள். குறியீடுகளோடு செய்கிற பகுதி கணக்குப் போலத்தான் இருக்கும், அவளுக்குக் கணிதம் நன்றாக வருகிறதே. ஆனால் அந்தப் பாடத்துக்கு உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர முதல் அதிபரிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான்.

உயர்தரப் பெறுபேறு நல்லபடி வந்தால் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கலாம். ஆசிரியராக வேண்டுமென்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது, அங்கே நேர்முகப் பரீட்சையில் இந்தப் பேச்சு கைகொடுக்கும். எந்த வழிக்கும் ஆங்கிலம் வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள்.

வீட்டில் நீங்களும் ஒன்று செய்யலாம். புது ஃபோன் வேண்டும் என்று அவள் கேட்கிறாளாமே? உடனே திட்டாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் "சரி, அதனால என்ன?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கும் பதில் வைத்திருந்தால், வரும் சனிக்கிழமை அவளைப் பெறுபேற்றுத் தாளோடு என்னிடம் கூட்டி வாருங்கள்.