எஸ்கியூஎல்லும் பைத்தானும் கைவர எப்படிப் பயிற்சி செய்வது?

பைத்தான் நிரல்மொழி, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி இரண்டிலும் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டேன், பிறர் எழுதிய விடை புரிகிறது, ஆனால் நானாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அடிக்கடி காண்பது இதைத்தான். என்ன விடை வரும் என்று முன்கூட்டியே கணிக்காமல் வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், எத்தனை கணக்குப் போட்டாலும் இந்தத் தயக்கம் போகாது.

ஆகவே, விடையைக் கையாலேயே கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய தரவை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். இதற்குத் தனியாக சர்வர் எதுவும் வேண்டியதில்லை. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளைக் கையாளும் தொகுதி பைத்தானின் 2.5 பதிப்பு முதல் அதனுடனேயே வருகிறது, தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் அட்டவணையில் 1 முதல் 4 வரை எண்ணிட்ட நால்வர். இரவல் அட்டவணையில் ஐந்து வரிசைகள், அவற்றில் உறுப்பினர் எண்ணாக 1, 1, 2, 3 ஆகியவையும் ஒன்றில் 'நல்'லும் (மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்பதற்கான குறி) இருக்கின்றன. புத்தகமே எடுக்காதவர் யார்? நான்காமவர் என்று தாளில் எழுதிவிட்டு, பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் 'நாட் இன்' கொண்டு வினவலை ஓட்டுங்கள். ஒரு வரிசைகூட வராது. 4 என்பது அந்த நல்லுக்குச் சமமா இல்லையா என்று எஸ்கியூஎல்லால் முடிவு செய்ய இயலாது. மெய் என்று உறுதியாகாத வரிசையை, நிபந்தனை எழுதும் 'வேர்' பகுதி கழித்துவிடும். அதையே, பொருந்தும் வரிசை எதுவும் இல்லையா என்று பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' கொண்டு எழுதினால் நான்காமவர் வந்துவிடுவார். பைத்தானிலோ, அந்த எண்களை ஒரு செட்டில் (மதிப்புகளின் தொகுப்பில்) போட்டுத் தேடினால், நடுவில் நல்லுக்கு ஈடான 'நன்' இருந்தாலும் விடை சரியாகவே வரும், ஏனெனில் அங்கே அதுவும் ஒரு மதிப்புதான். ஒரே கேள்வியை இரண்டு மொழிகளிலும் எழுதிப் பார்க்கும்படி நான் வற்புறுத்துவது இத்தகைய வேறுபாடுகளுக்காகத்தான். இவை பாடத்தைப் படிக்கும்போது கண்ணில் படுவதில்லை.

அடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை முறை இரவல் பெற்றார்கள் என்று, இரவல் பெறாத உறுப்பினரையும் விடாமல் இரு அட்டவணைகளையும் இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டு எண்ணுங்கள். 'கவுண்ட்' அடைப்புக்குள் நட்சத்திரக் குறி இட்டால் நான்காமவருக்கு 1 என்று வரும். இரவல் எண்ணின் நெடுவரிசையை இட்டால் 0 என்று வரும். தாளில் 0 என்று எழுதி வைத்தவருக்குத்தான் அந்த 1 பிழை என்று உடனே தெரியும்.

முதல் வரி வராததற்கு ஒரு எளிய வழி உண்டு: 'செலக்ட்' முதலில் நின்றாலும் அதைக் கடைசியில் எழுதுங்கள். எந்த அட்டவணைகள் வேண்டும், எந்த வரிசைகளைக் கழிக்க வேண்டும், எதை வைத்துக் குழுவாக்க வேண்டும் என்ற வரிசையில் 'ஃப்ரம்', 'வேர்', 'குரூப் பை' ஆகியவற்றை நிரப்பி வந்தால், எந்த நெடுவரிசைகளைக் காட்டுவது என்பது தானே தெளிவாகிவிடும்.

லீட்கோட், ஹேக்கர்ரேங்க் போன்ற நிரல் பயிற்சித் தளங்களில் உள்ள பயிற்சிக் கணக்குகளுக்கு அதன்பிறகு போகலாம். அங்கும் ஒரு விடை ஏற்கப்பட்டதும் அடுத்ததற்குத் தாவாமல், தரவில் ஒரு நல்லையோ இரட்டை வரிசையையோ சேர்த்தால் உங்கள் வினவல் தாங்குமா என்று உங்கள் கோப்பிலேயே சோதித்துவிட்டுச் செல்லுங்கள்.