வீட்டுக் கடனை அடைத்தவருக்கே வீடு சொந்தமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, பத்திரமும் அவர் பெயரில். 2017-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மிச்சமிருந்த வங்கிக் கடனை வட்டியோடு 14 லட்சம் நான் ஒருவனே கட்டி முடித்துப் பத்திரத்தை மீட்டேன். அம்மா என்னோடு இருக்கிறார். அக்காவுக்கும் தங்கைக்கும் நகை, சீர் எல்லாம் செய்தாச்சு. அப்பாவை ஆஸ்பத்திரியில் வந்து எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது பங்கு கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். நகை, சீர், ஆஸ்பத்திரி எதுவும் பங்கைக் குறைக்காது. பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் நால்வருக்கும் கால் கால் பங்கு. (அப்பாவைப் பெற்ற பாட்டி அன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.) கடனை அடைத்ததால் அடமானம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் கட்டிய பணம் வீணில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 92-ஆம் பிரிவுப்படி மற்ற மூவர் பங்குக்கான 10.5 லட்சத்தைக் கேட்கலாம். தவணை உங்கள் கணக்கிலிருந்து போனதற்கு ஸ்டேட்மென்ட் வேண்டும். இத்தனை வருடம் வாடகையில்லாமல் குடியிருந்ததைக் கழிக்கச் சொல்லி அவர்களும் கேட்பார்கள்.

பலர் விழுகிற குழி இனிமேல்தான். பொங்கலுக்கு வந்த தங்கையிடம் 100 ரூபாய் முத்திரைத்தாளில் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதி வாங்கி, நோட்டரி கையெழுத்தும் போட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள். பதிவு செய்யாத அந்தத் தாளால் உரிமை மாறாது. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாலும் அதே கதைதான். வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி வக்கீல் அதைத் தள்ளிவிடுவார். அதற்குள் தங்கை இறந்திருந்தால் அவர் கணவரும் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். பிள்ளை மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நகர முடியாது.

அதனால் சமாதானமாகப் போங்கள். வழக்கு என்று போனால் முதல்நிலைத் தீர்ப்பு, நீதிமன்றம் அனுப்பும் கமிஷனரின் அளவை, இறுதித் தீர்ப்பு என்று இழுக்கும். ஒரே வீட்டை நாலாகப் பிரிக்க முடியாவிட்டால் விற்றுப் பணமாகப் பங்கிடுவதில்தான் முடியும். சமாதானம் என்றால் கணக்கு இப்படி: வீட்டின் இன்றைய விலையில் ஆளுக்குக் கால் பங்கு, அதில் நீங்கள் ஒவ்வொருவருக்காகவும் கட்டிய 3.5 லட்சம் கழிவு. மீதியை வங்கி வழியாகக் கொடுத்து அக்கா, தங்கை இருவரிடமும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய்.

அதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் கைக்கு வந்தாலும், கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் பதிந்து கொடுக்காதவரை சார்பதிவாளர் ஏட்டில் அடமானம் நிற்கும்.

அம்மா மனமுவந்து தருவதாக இருந்தால் அவருடைய கால் பங்குக்குத் தானசெட்டில்மென்ட்டும் (தானமாக எழுதித் தரும் பத்திரம்) இப்போதே பதிந்துவிடுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு என்றால் அதுவும் உங்கள் மூவருக்கும் பிரியும்.