வாஷிங் மெஷின் தண்ணீரை எங்கே விடுவது?

கேள்வி: எங்கள் வீடு மாமனாரின் அப்பா காலத்தில் கட்டியது. நடுவில் முற்றம், கடைசியில் கொல்லை, அங்கே துவைக்கிற கல். மகன் ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டாம் கட்டில் குளியலறையை ஒட்டி வைத்திருக்கிறோம், பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லை. மாட்ட வந்தவர் டிரெயின் ஹோஸைக் குளியலறைக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். மெஷின் தண்ணீரைத் தள்ளும்போதெல்லாம் குளியலறை குளமாகி நிலைப்படியைத் தாண்டி வருகிறது. பிளம்பர், முற்றத்து ஜலதாரையில் சேர்த்துவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். சரி சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லாதீர்கள். அரை நாளில் முடியும் என்பது உண்மைதான், அதனால்தான் அவர் அதைச் சொல்கிறார். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று வந்ததே, அப்போது முற்றம் வைத்த வீட்டுக்காரர்கள் பலர், கூரைத் தண்ணீர் எப்படியும் முற்றத்தில்தானே விழுகிறது என்று ஜலதாரையையே கொல்லையில் தோண்டிய குழிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிச் செய்திருந்தால் சோப்புத் தண்ணீர் நேரே கிணற்றுக்குத்தான். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து முற்றத்தில் ஊற்றிவிட்டு, கிணற்றையும் குழியையும் எட்டிப் பாருங்கள், ஒருவரைத் தெருச் சாக்கடை ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். தெருவுக்குத்தான் போகிறது என்று தெரிந்தாலும் என் பதில் மாறாது. ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழைக்கே அந்த ஓட்டை திணறும், அதே நேரத்தில் மெஷினும் தள்ளினால் நடுவீட்டில் நுரை மிதக்கும்.

குளியலறை நிரம்புவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்துக் குளியலறைத் தூம்பு, சொம்பால் மொண்டு குளிக்கிறவர்களுக்காகப் போட்டது. ஃப்ரண்ட் லோடில் இருக்கிற பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 15, 20 லிட்டரைத் தள்ளும். அதுவும் இத்தனை வருட எண்ணெய்க் குளியல், சீயக்காய், தலைமுடி எல்லாம் படிந்த குழாயில் வழி எவ்வளவு மிச்சம் இருக்குமோ! ஒரு பெரிய வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். சுழித்துக்கொண்டு இறங்கினால் பரவாயில்லை. தேங்கி நின்று, களக் களக்கென்று காற்று விட்டு விட்டு இறங்கினால் அந்தக் குழாயை நம்பி மெஷினை ஓட்ட முடியாது. அடைப்புக்கு ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட மண்) குழாய்களின் இணைப்பு சிமெண்டில் பூசியது, ஆசிட் அதைத் தின்றுவிட்டால் கசிவு மண்ணுக்குள் நடக்கும், சுவரில் ஓதம் ஏறிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் 2 அங்குல பிவிசி குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு ட்ராப் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு) கொடுத்து, சுவரைத் துளைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடுங்கள். குழாயின் வாய் தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 100 செ.மீ.க்கு மேலும் போகக் கூடாது. உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஹோஸின் நுனி உள்ளே நாலைந்து அங்குலம் இறங்கினால் போதும். சுற்றிலும் காற்றுப் போக இடம் இருக்க வேண்டும், சுத்தமாக இருக்கட்டும் என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிற பிளம்பர்கள் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கனத்த சுவராகத்தான் இருக்கும். உளி, சுத்தியல் வைத்து இடித்தால் ஒரு குழாய் போக வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல் அளவுக்குச் செங்கல் உதிரும். கோர் கட்டிங் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு வட்டமாக ஒரே துளை போடச் சொல்லுங்கள், துளை கொல்லைப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கட்டும். வெளியே அடிக்குக் கால் அங்குலம் சரிவு. திரும்புகிற இடத்தில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி பெண்ட் இரண்டு போட்டால் துணிப்பஞ்சு தங்காது, ஒரு டோர் பெண்ட்டும் (கழற்றுகிற மூடி வைத்த வளைவு) இருந்தால் பின்னால் அடைத்துக்கொண்டபோது திறந்து குத்தலாம்.

கடைசியில் எங்கே சேர்ப்பது? பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் கல்லி ட்ராப் (வெளியே தரையில் பதிக்கிற ட்ராப்) வழியாக அதன் சேம்பர் தொட்டிக்கு. இல்லையென்றால் துவைக்கிற கல்லின் தண்ணீர் இத்தனை வருடம் எங்கே போனதோ அங்கேயே. வாழை, தென்னைப் பக்கம் போவதாக இருந்தால் ஒரே மரத்தடியில் தினமும் நிற்கவிடாமல் மாற்றி மாற்றி விடுங்கள், கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

கேள்வி: பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஃப்ரண்ட் லோட் மெஷின் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது, துவைக்கவே ஆரம்பிப்பதில்லை. மெக்கானிக் வால்வு மாற்ற வேண்டும் என்கிறார். ஹோஸ் குளியலறைத் தரையில்தான் கிடக்கிறது.
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வால்வுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஹோஸைத் தூக்கிக் கட்டுங்கள். கேனில் டியூப் விட்டு மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே கதைதான், ஹோஸின் வாய் தரையில் கிடப்பதால் உள்ளே வருகிற தண்ணீர் அப்படியே இழுபட்டு வெளியே போகிறது. மெஷின் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் ஹோஸ் நுனியைப் பாருங்கள், அங்கே ஒழுகினால் காரணம் இதுதான். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் வாஷ்பேசின் விளிம்பில் மாட்டிக் கயிற்றால் கட்டிவிடலாம், கட்டாமல் விட்டால் பம்ப் தள்ளுகிற வேகத்தில் துள்ளி விழும்.

இதைப் படித்துவிட்டு டாப் லோட் வைத்திருப்பவர்கள் ஹோஸைத் தூக்கிக் கட்டிவிடாதீர்கள். பம்ப் இல்லாத டாப் லோடும் செமி ஆட்டோமேட்டிக்கும் தண்ணீரைத் தானாக இறக்கிவிடுகிறவை, அவற்றுக்கு ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். தூக்கினால் அழுக்குத் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும்.

கேள்வி: எங்களுக்கு செப்டிக் டேங்க்தான். மெஷின் தண்ணீரை அதிலேயே விடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். ஒவ்வொரு சலவைக்கும் 50, 60 லிட்டராவது பாயும், டாப் லோடாக இருந்தால் அதைவிட அதிகம். உள்ளே கசடு அடியில் தங்குவதற்கு நேரம் கிடைக்காமல் கலங்கி உறிஞ்சு குழிக்குப் போய் அதன் மண்ணை அடைத்துவிடும். குளிக்கிற, துவைக்கிற தண்ணீருக்குத் தனியாக ஓர் உறிஞ்சு குழி தோண்டுங்கள், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இடம் கிடைக்கிறதோ அவ்வளவு தள்ளி.