ஹீட் பிரஸ்ஸில் அழுத்திய பழைய காமிக்ஸில் அலையும் மினுக்கத் திட்டும் வந்துவிட்டன. திருத்த முடியுமா?

கொஞ்சம் திருத்தலாம், முழுதாக முடியாது. எந்தத் தடம் போகும், எது போகாது என்பது அது சூட்டால் வந்ததா, ஈரத்தால் வந்ததா, பாரத்தால் வந்ததா என்பதைப் பொறுத்தது.

நீங்கள் எழுதியதன்படி, அது எண்பதுகளில் வந்த லயன் காமிக்ஸ் புத்தகம். நடுவில் மடிப்பு இருந்தது, முதுகும் சுருண்டிருந்தது. கிழக்கிலங்கைக் கல்முனையில் டீ-சேர்ட்டுக்குப் படம் பதிக்கும் கடையொன்றில் கொடுத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்திருக்கிறீர்கள். மடிப்பு போய்விட்டது. ஆனால் அட்டை ஓரிடத்தில் மங்கிவிட்டது, இன்னோரிடத்தில் அளவுக்கு மீறி மினுங்குகிறது, உள்தாள்கள் அலையலையாகிவிட்டன, ஸ்டேப்ளர் கம்பியின் அச்சு பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கிறது.

கடைக்காரரில் பிழை சொல்ல ஏலாது. துணிக்குப் படம் ஏற்ற அந்த மெஷினை 180, 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கித்தான் வைத்திருப்பார்கள். காமிக்ஸ் அழுத்துவதையே தொழிலாகச் செய்யும் அமெரிக்கர்கள் பெரும்பாலும் 65 முதல் 90 பாகைக்குள் நிற்பார்கள். பழைய நியூஸ்பிரிண்ட், அதாவது பத்திரிகைக் கடதாசி என்றால் அதிலும் கீழ்ப்பக்கம்தான். துணி தாங்கும் சூட்டைக் கடதாசி தாங்காது.

முதலில் புத்தகத்தைச் சரியாகப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, போனின் ரோச் வெளிச்சத்தை அட்டைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் சாதாரண மங்கலாகத் தெரிவது அப்போதுதான் தன் உருவத்தைக் காட்டும். மினுங்கும் இடத்தில் நுணுக்கமான கட்டம் கட்டமான நெசவு தெரிகிறதா? அந்தக் கடைகளில் துணிக்கு மேல் விரிக்கும் மண்ணிறத் தெஃப்ளான் ஷீட் கண்ணாடி நாரால் நெய்தது. அதை நேரே அட்டையில் வைத்து அழுத்தினால் அதன் நெசவு அப்படியே பதியும். பழைய துணியையோ ரிசுக் கடதாசியையோ வைத்து வீட்டு அயனால் தேய்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

காரணம் அட்டையின் மேற்பரப்பு. வழவழப்பான அட்டையில் கடதாசிக்கு மேல் களிமண் பூச்சு, அதற்கு மேல் மை, சிலதில் வார்னிஷும் இருக்கும். சூட்டில் மையும் வார்னிஷும் இளகும். இளகிய நேரத்தில் எது மேலே இருக்கிறதோ, ஆறும்போது அதன் தோலை வாங்கிக்கொள்ளும். மழமழப்பான தகடு பட்ட இடம் கண்ணாடிபோல மினுங்கும், சொரசொரப்பானது பட்ட இடம் மங்கும். மை பிய்ந்து ஷீட்டில் ஒட்டிப் போயிருந்தால் அந்த நிறமும் போனதுதான். இந்த வகைத் தடம் எதையும் திரும்ப எடுக்க முடியாது. மினுக்கத்தைச் சமப்படுத்த மெழுகு, தேங்காய் எண்ணெய், கார் பொலிஷ் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய்க் கறைதான் மிஞ்சும்.

உள்தாளின் அலை வேறு விஷயம், அதில்தான் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. கடதாசி நார் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீள வாக்கில் கொஞ்சம், குறுக்கு வாக்கில் அதைவிட அதிகம். அட்டை ஒரு அளவில் விரியும், உள்ளே இருக்கும் நியூஸ்பிரிண்ட் இன்னொரு அளவில் விரியும். இரண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, திடீரென்று சூட்டில் வைத்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் அழுத்தினால் தாள் எங்கே போகும்? நெளியும். அட்டை மட்டும் கூடுதலாகக் காய்ந்து சுருங்கினால் உள்தாள்களின் ஓரம் அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். உங்கள் புத்தகத்தில் வலது ஓரத்தை அளந்து பாருங்கள், அப்படி இருக்கக்கூடும்.

அதுவும் நம் பக்கத்துப் புத்தகங்கள் ஏற்கெனவே ஈரம் குடித்தவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரியில் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. மற்ற இடத்துக்காரர்கள் அழுத்துவதற்கு முன் புத்தகத்துக்குக் கொஞ்சம் ஈரம் ஏற்றுவார்கள். நாம் முதலில் இறக்க வேண்டும். அதனால் ஐப்பசியிலிருந்து தை வரை இந்த வேலையில் கையே வைக்காதீர்கள். கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள்தான் இதற்குத் திறம்.

கம்பித் தடம் பாரத்தால் வந்தது. இரும்புக் கம்பி தாளைவிடத் தடிப்பு, மொத்தப் பாரமும் முதலில் அதில்தான் இறங்கும். அடுத்தடுத்த பக்கங்களில் குழி விழும். கூடிப்போனால் அட்டை கம்பியிலிருந்து பிய்ந்து வரும். இதே மாதிரிதான் அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே கிடக்கும் மணல், தலைமுடி, பூச்சிக்கால் எல்லாம். மணல் கிடந்த இடத்தில் குழி விழும், முடி கிடந்த இடத்தில் வளைந்த கோடு விழும். அழுத்துவதற்கு முன் மென்மையான தூரிகையால் ஒவ்வொரு தாளாகத் தட்டியிருந்தால் இதில் பாதி வந்திராது.

இனிச் செய்ய வேண்டியது. மறுபடி சூடு காட்டாதீர்கள், குறைந்த சூடு என்றாலும் வேண்டாம். கம்பியில் துரு இருந்தால் அதன் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி முதலில் கழற்றுங்கள். ஈரம் பட்டால் துரு தாளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் முதல் பக்கத்தைப் பாருங்கள். வாடகை நூலகங்களில் சுற்றிய புத்தகம் என்றால் ஊதா ரப்பர் முத்திரை இருக்கும். அந்த மை ஈரத்தில் கசியும். முத்திரையின் ஓரத்தில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொடுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் இந்த முயற்சியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வரவில்லை என்றால், சூட்டில் காய்ந்துபோன தாளுக்கு இப்போது கொஞ்சம் ஈரம் ஏற்ற வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்ச் வையுங்கள். அதற்கு மேல் உயரமான கம்பித் தட்டில், தண்ணீர் எங்கும் படாமல், புத்தகத்தைப் படுக்கவைத்து மூடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தாள் தொய்வாகும். நனையக் கூடாது, தொய்ந்தால் போதும். மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் பூஞ்சணம் வரும். எடுத்து, இரண்டு அட்டைக்கும் உள்ளே மழமழப்பான மெல்லிய மட்டை வைத்து, வெளியே ஒற்றுத்தாள், அதற்கு வெளியே கண்ணாடி, மேலே பாரம். கம்பி இருக்கும் முதுகுப் பக்கத்தில் பாரம் நேரே இறங்காதபடி மட்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்த நாள் ஒற்றுத்தாளை மாற்றுங்கள். பிறகு ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ தொடாமல் விடுங்கள். அலை நன்றாகக் குறையும், சுருங்கிய அட்டையும் ஓரளவு நீளும். கம்பிக் குழி மேலோட்டமானது என்றால் தணியும், நார் நசுங்கியிருந்தால் தணியாது.

மதிப்புக் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து காமிக்ஸுக்குத் தரம் போடும் சிஜிசி நிறுவனம் அழுத்துவதைப் பழுதுபார்த்த வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் அழுத்தியதால் வந்த பழுதுக்குப் புள்ளி குறைப்பார்கள். நம் ஆட்கள் புள்ளி பார்த்து வாங்குவதில்லை, அட்டையையும் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்பதையும்தான் பார்ப்பார்கள். விற்பதாக இருந்தால் சூட்டில் அழுத்தியது என்று சொல்லி விற்றுவிடுங்கள், எப்படியும் வாங்குபவர் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டை மங்கிய இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டால் அந்த மங்கல் மை போனதா, நெசவு பதிந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.