மார்கழி கேள்வி பதில்: சேலத்துக்காரர்கள் கேட்டவை

மார்கழி நெருங்கினால் கோலப்பொடிக்காரருக்கும் எனக்கும்தான் ஓய்வில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாபேட்டை: அம்மா, பெண்ணுக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டில் தை வரை பொறுக்கச் சொல்கிறார்கள். மார்கழியில் கல்யாணம் வைத்தால் என்ன?

பொறுத்துக்கொள் கண்ணு. நமக்கு ஒரு வருடம் என்பது தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. ஆக மார்கழி அவர்களுடைய விடியற்காலை. சாமி கும்பிடும் நேரத்தில் வீட்டு விசேஷம் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். "மாதங்களில் நான் மார்கழி" என்று கீதையில் கண்ணன் சொன்ன மாதத்தைக் கெட்ட மாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இது சாஸ்திரக் கணக்கு. என்னைக் கேட்டால் காட்டுக் கணக்கும் உண்டு. அறுவடை முடியாத மாதத்தில் விவசாயி கையில் காசு இராது, பந்தல் போட ஆளும் கிடைக்காது. நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு தையில் மேளம் கொட்டினார்கள். மண்டபத்துக்கு மட்டும் இப்போதே சொல்லி வை, தை முகூர்த்தங்களுக்கு அடிதடி.

கன்னங்குறிச்சி, கல்லூரி மாணவி: மார்கழி விடியலில் ஓசோன் அதிகமாக இருக்கும், அதைச் சுவாசிக்கத்தான் கோலம் போடச் சொன்னார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா அம்மா?

இல்லை. நம்மைக் காக்கும் ஓசோன் வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையருகே இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அதுவும் வாகனப் புகைமேல் வெயில் பட்டு உண்டாவது, விடியலில் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்றும் கேள். பனிக்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் புகை மேலே ஏறாமல் கீழேயே தங்கும். நம் ஊருக்கு வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். போகியன்று டயர் கொளுத்தினால் அந்தப் புகை எங்கே போகும்? பழைய பாயும் துடைப்பமும் எரித்த காலம் வேறு. ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று வாசலுக்கே வர வேண்டாம்.

கோலத்தை அழகுக்காகவும் பக்திக்காகவும் போடு. அதற்கு ஓசோன் சாட்சி தேவையில்லை.

ஃபேர்லேண்ட்ஸ்: எத்தனை மணிக்கு எழுந்தால் சரி? நாலு மணிக்கா?

பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கும். மார்கழியில் சேலத்தில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிறது. ஐந்து மணிக்கு எழுந்தால் தாராளம்.

ஆத்தூர்: அக்கா, எனக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலி. கோலத்தில் வைத்த பூசணிப்பூவைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கல் வைப்போம். இங்கே அது இல்லையே, விட்டுவிடலாமா?

ஏன் விட வேண்டும்? பிள்ளைகள் மண்ணில் குட்டி வீடு கட்டி, அதன் முன்னால் பொங்கல் வைத்து, பூத்தட்டுகளை ஆற்றில் விடும் அழகான வழக்கம் அது. உன் பெண்ணுக்குச் சொல்லிக்கொடு. எடப்பாடி, சங்ககிரி தாண்டிக் கொங்குப் பக்கம் போனால் பெண்பிள்ளைகளுக்குப் பூப்பறிக்கும் நோம்பி உண்டு. காணும் பொங்கலன்று கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கொண்டுபோன பலகாரத்தைத் தின்றுவிட்டு வருவார்கள். இரண்டுமே சின்னப் பெண்களுக்கான பொங்கல்தான். உன் வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்.

பூசணிப்பூ பறிக்கும்போது ஒரு கவனம். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ, அதைப் பறி. அடியில் குட்டிக் காய் தெரிந்தால் அது பெண் பூ, கை வைக்காதே. ஆண் பூவிலும் நாலைந்தை விட்டு வை, இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

கோட்டை: 2025-இல் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வந்தது, 2024-இல் வரவே இல்லை. பஞ்சாங்கத்தில் பிழையா?

பிழை ஆங்கிலக் காலண்டரில் பார்ப்பதில் இருக்கிறது. மார்கழி சூரியன் கணக்கு, ஏகாதசி நிலாக் கணக்கு. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், அதனால் திதி வருடாவருடம் பதினோரு நாள்போல முன்னே நகரும். நகர்ந்து மார்கழி பிறக்கும் முன்பே விழுந்துவிட்டால், அடுத்து மார்கழிக்குள் வரும் வளர்பிறை ஏகாதசிதான் கணக்கு. 2023 டிசம்பர் 23-க்குப் பிறகு அடுத்தது 2025 ஜனவரி 10-இல் வந்தது, அதற்கடுத்தது அதே ஆண்டு டிசம்பர் 30. மார்கழிக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். அழகிரிநாதர் கோவில் சொர்க்கவாசலுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் திறக்கும் நேரத்து நெரிசலுக்குப் போகாதீர்கள். சற்றுப் பொறுத்துப் போனாலும் அதே வாசல்தான்.

சூரமங்கலம்: திருவாதிரைக் களி எனக்கு மட்டும் கட்டி தட்டுகிறது, அம்மா.

பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு இரண்டு கரண்டி, இரண்டையும் வாசம் வர வறுத்து ரவையாக உடைத்துக்கொள். ஒன்றரை டம்ளர் வெல்லத்தை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் கொதிக்கவிடு. ரவையைக் கொட்டாதே, ஒரு கையால் தூவி மறு கையால் கிளறு. தீ சிறியதாக இருக்கட்டும். மூடி வைத்து வெந்தபின் தேங்காய்ப்பூ, ஏலக்காய், நெய்.

கூட்டுக்குப் பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய். இந்த மாதம் உழவர் சந்தையில் குவிந்து கிடப்பவைதானே இவை? ஏழு கிடைக்காவிட்டால் ஐந்து போடு. விறகு வெட்டி விற்ற சேந்தனார், மழையில் விறகு விற்காத நாளில் வீட்டில் இருந்ததைக் கொண்டு களி கிண்டி அடியாருக்குப் படைத்தார், மறுநாள் சிதம்பரத்தில் கருவறையெங்கும் களி சிந்திக் கிடந்தது என்பது கதை. இல்லாமையில் பிறந்த பலகாரத்துக்குக் கறி எண்ணிக்கையில் சண்டை வேண்டாம்.

ராசிபுரம்: அனுமன் ஜயந்தி வடக்கே சித்திரையில், நமக்கு ஏன் மார்கழியில்?

தமிழ்நாட்டில் மார்கழி மூல நட்சத்திரமும் அமாவாசையும் கணக்கு. வடக்கே சைத்ர பௌர்ணமி. நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை சாத்துவது அன்றுதான். போய்ப் பாருங்கள்.

சென்னை: மார்கழியில் ஏற்காடு வந்தால் சேர்வராயன் கோவில் திருவிழா பார்க்கலாமா?

முடியாது தம்பி, அது மே மாதம். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோவிலுக்கு எப்போதும் போகலாம். மலைவாழ் மலையாளி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி என்று அவர்கள் கதை சொல்வார்கள். பெரியண்ணன் சேர்வராயனில் தங்கினான், நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். மார்கழியில் மலையில் பார்க்க வேண்டியது காபிப் பழம் பறிப்பு. ஆட்கள் பனியோடு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அவர்கள் வாசலில் கோலம் சிறியதாக இருந்தால் பக்தி குறைவு என்று எழுதிவிடாதே.

வாழப்பாடி: அம்மா, காணும் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து மாரியம்மன் கோவிலைச் சுற்றி ஓடவிடுவது எங்கள் முன்னோர் வழக்கம். இப்போது வனத்துறை வழக்குப் போடுகிறது. பாரம்பரியம் அழியலாமா?

இந்தக் கேள்விக்குச் சிலர் கோபப்படுவார்கள், பரவாயில்லை. நரி முகத்தில் விழித்தால் யோகம், மழை வரும், வெள்ளாமை செழிக்கும் என்ற நம்பிக்கை எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி மாதிரி ஊர்களில் கரட்டில், அதாவது சிறு குன்றில், வலை கட்டி நரியைப் பிடித்து, காலில் கயிறு கட்டிக் கூட்டத்தில் ஓடவிட்டு, பிறகு கொண்டுபோய் விடுவார்கள். கொல்வதில்லைதான்.

ஆனால் அந்த நரியை நினைத்துப் பார். அது சிறிய பிராணி, வளை தோண்டி ஜோடியாக வாழ்வது. குட்டி போடும் பருவம் ஜனவரியில் தொடங்கிவிடும். மேளச் சத்தத்திலும் ஆயிரம் பேர் கூச்சலிலும் ஓடிய நரி வளைக்குத் திரும்பாவிட்டால் குட்டிகளின் கதி? அது தின்பது எலி, நண்டு, வெட்டுக்கிளி, கரையான். மக்காச்சோளம் போட்டிருக்கும் உனக்கு அது கூலி கேட்காத காவல்காரன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதே குற்றம், அபராதமும் கட்ட வேண்டிவரும்.

காணும் பொங்கலையும் ஊர் கூடுவதையும் யாரும் தடுக்கவில்லை. அய்யனாருக்கு மண்குதிரை வைக்கிறோம், மாரியம்மனுக்கு மண்நரி செய்து ஊர்வலம் வந்தால் அவள் ஏற்க மாட்டாளா? முகத்தில் விழிக்க வேண்டுமானால் விடியலில் கரட்டுப் பக்கம் சத்தமில்லாமல் போய் நில். தானாக எதிரே வந்த நரிதான் யோகம்.

அஸ்தம்பட்டி: அடுக்குமாடியில் இருக்கிறோம். கூரையே இல்லை, பொங்கலுக்கு இலையும் பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவது எங்கே?

நிலைக்கதவின் மேல் ஆணியில் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை போதும். போகியன்று மாலையில் கட்டு. சந்தையில் கட்டாகவே விற்பார்கள். ஊரில் நிலம் இருந்தால் கிணற்றுமேட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் ஒவ்வொரு கட்டு கொடுத்தனுப்பு.

செவ்வாய்ப்பேட்டை: பொங்கலுக்கு எந்த வெல்லம் வாங்குவது?

மஞ்சளாகப் பளபளப்பதை விடு. அந்த நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பதுண்டு. கருத்த பழுப்பில் இருப்பதை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்கு. உப்புக் கரித்தால் வேறு கடை பார்.