இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது, எனக்கு இப்போது ஆறாம் மாதம். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி என்று சபையில் ஓடியாடி வேலை செய்தவள் நான். இந்த வருஷம் ஆராதனைக்குப் போனாலும் பாதி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடியில்தான் நிற்கிறேன். வேதத்தைத் திறந்து மாதக்கணக்காகிறது. பிள்ளைகளிடம் கத்துகிறேன், சில நேரம் அடித்தும் விடுகிறேன், அப்புறம் அவர்கள் தூங்கியதும் உட்கார்ந்து அழுகிறேன். ஐயரம்மாவிடம் (எங்கள் போதகரின் மனைவி) சொன்னதற்கு, "19 பிள்ளை பெற்ற சூசன்னா வெஸ்லியே (மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் அம்மா) தினமும் ஜெபித்தார், உனக்கு மூன்றுக்கே முடியவில்லையா" என்றார். என் விசுவாசத்தில் எங்கே குறை?

– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம் பக்கம்

பதில்: தங்கச்சி, விசுவாசத்தை அப்புறம் பார்ப்போம். கடைசியாக ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது? கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சும்மா இல்லை, போன பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்தை உடம்பு திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். உன்னைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை, வந்தாயிற்று, சந்தோஷம். ஆனால் நீ பாவம் என்று எழுதியிருக்கிற பாதி, ஆய்வகத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிகிற விஷயமாக இருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்கிற தாய்மார்களை எனக்குத் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது சகஜம், பயப்படாதே. டீ, காபியோடு சேர்த்துப் போடாதே, கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் விழுங்காதே, இரண்டும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு எலுமிச்சைச் சாறோடு போடலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லு, வேறு வழி இருக்கிறது. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்றும் கேட்டுக்கொள்.

இப்போது சூசன்னா வெஸ்லி. அவரை நான் மதிக்கிறேன், ஆனால் களைத்துப்போன அம்மாக்களை அடிக்கிற பிரம்பாக அவரை ஆக்கிவைத்திருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. 19 பிள்ளை பெற்றார், உண்மைதான், அதில் 9 பேர் பச்சைக்குழந்தையாகவே இறந்துபோனார்கள், அந்தத் துக்கத்தை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. போதகரான அவர் கணவர் கடனுக்காக 1705-ல் லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்தார். இவ்வளவு கஷ்டத்திலும் அந்தப் போதகர் வீட்டில் வேலைக்காரப் பெண்ணும் வேலைக்காரரும் இருந்தார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்தக் கடிதத்தை மகன் ஜானுக்கு அவர் எழுதியது 1732-ல், அதாவது கடைசி மகளுக்கே 20 வயது தாண்டின பிறகு. ஒரு குழந்தை இடுப்பிலும் ஒன்று வயிற்றிலும் இருக்கும்போது யாரும் அப்படி நிதானமாகக் கடிதம் எழுத முடியாது. உன் ஐயரம்மாவுக்கு இதையும் பக்குவமாகச் சொல்லு.

உனக்கு ஒரு வேதபகுதி வேண்டுமென்றால் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் எடு. மோசே கர்த்தரிடம் சண்டைக்கே போகிறார்: இந்த ஜனங்களை எல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், பால் குடிக்கிற பிள்ளையைச் சுமக்கிற மாதிரி இவர்களை நான் ஏன் சுமக்க வேண்டும், என்னால் தனியாக முடியாது, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அத்தனை பெரிய தீர்க்கதரிசிக்குத் தன் களைப்பைச் சொல்ல வேறு பேச்சு கிடைக்கவில்லை, உன்னைப் போன்ற தாய் படுகிற பாட்டைத்தான் எடுத்துப் பேசினார். அதற்கு 'உன் விசுவாசம் எங்கே' என்று கர்த்தர் கேட்கவில்லை. 70 மூப்பர்களைக் கூட்டிவா, பாரத்தை அவர்களும் சுமக்கட்டும் என்றார். அதாவது கிடைத்தது ஆள் உதவி.

அதனால் நீயும் ஆளைக் கேள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரைப் பிடித்து, சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா, வாரத்தில் ஒரு நாள் மீன்குழம்பு கொடுத்தனுப்ப முடியுமா என்று நேராகக் கேள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஆயிரம் பேருக்குப் பொங்கிப்போடுகிற சபைகளால் ஒரு கர்ப்பிணிக்கு ஒரு நாள் குழம்பு கொடுக்க முடியாதா என்ன? ஓய்வுநாள் பள்ளியை இந்த வருஷம் வேறு யாராவது எடுக்கட்டும். மூத்தவளை இன்னும் பள்ளியில் சேர்க்காவிட்டால் அங்கன்வாடிக்கு அனுப்பு. உன் பெயரை அங்கே பதிந்திருந்தால் உனக்கும் சத்துமாவு தருவார்கள்.

அடிப்பதைப் பற்றி. கை ஓங்குகிற கோபம் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போய்விடு, இரண்டு நிமிஷம் அது அழுதால் ஒன்றும் ஆகாது. அடித்துவிட்டாயா, அது தூங்கின பிறகு தனியாக அழாதே, விழித்திருக்கும்போதே "அம்மா அடித்தது தப்பு" என்று சொல்லு, நாலு வயசுக்கு அது நன்றாகவே புரியும்.

வேதவாசிப்புக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு வசனம், சோறு பொங்கும்போது. கேட்டுக்கொண்டே வேலை செய்ய ஒலி வேதாகமம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அது போதும். மரத்தடியில் நிற்கிறேன் என்றாயே, அங்கேயும் பாட்டு காதில் விழுகிறதுதானே.

கேள்வி: லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) எங்கள் வீட்டில் எல்லாரும் மத்தியானம் வரை சாப்பிட மாட்டார்கள். இது எனக்கு ஐந்தாம் மாதம், இரண்டாவது பிள்ளை. "முதல் பிள்ளைக்கு இருந்தாயே" என்கிறார் மாமியார். இருக்கலாமா?

– ஒரு மருமகள், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். உபவாசத்தை விதியாகவே வைத்திருக்கிற கத்தோலிக்கத் திருச்சபைகூட 18 முதல் 59 வயது வரை என்று வரம்பு கட்டி, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்குத் தருகிறது. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை இருந்தால் மயங்கி விழ வாய்ப்பு உண்டு, அதுவும் பங்குனி வெயிலில். மாமியாரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம், அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டரம்மா வாயால் கேட்டால் சரி என்பார். ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்று மனசு சொன்னால் ராத்திரி கைப்பேசி பார்ப்பதை விடுங்கள், தூக்கமாவது மிஞ்சும்.

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாதம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். சில வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பிள்ளைகள் அழுதால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேற்று "நான் செத்துப்போனால் எல்லாருக்கும் நல்லது" என்றாள். அசுத்த ஆவி என்று சொல்லி விடுதலை ஜெபத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா?

– ஒரு சகோதரர், தூத்துக்குடி

பதில்: தம்பி, இதைப் படித்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் எலிமருந்து, பூச்சிமருந்து போன்றவற்றையும் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு நோய் வரும், பிரசவத்துக்கு அப்புறம்தான் வரும் என்பதில்லை. சோகமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே சிகிச்சை தேவை, சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, பேசித் தீர்க்கிற சிகிச்சையும் இருக்கிறது. எந்த நேரமும் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அரசின் டெலிமானஸ் மனநல சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். நிலைமை மோசமானால் 108.

ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணியைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி ஆவி ஓட்டுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வேதத்தில் எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே படுத்து என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றுதான் கேட்டார். அவருக்குள் பிசாசு இருக்கிறது என்று யாரும் துரத்தவில்லை, தூதன் வந்து தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். அந்தத் தூதன் செய்த வேலையை உங்கள் வீட்டில் இப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது உட்பட.

கேள்வி: மூன்றாவது பிரசவம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி எனக்குக் கிடைக்குமா? தனியார் கம்பெனியில் வேலை, லீவு எவ்வளவு?

– வாசகி, திருநெல்வேலி

பதில்: உதவித்தொகை முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான், மூன்றாவதுக்குக் கிடையாது. அதற்காக கிராம சுகாதார செவிலியரிடம் பதியாமல் இருந்துவிடாதீர்கள், அங்கே தருகிற கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வேண்டியிருக்காது. லீவைப் பொறுத்தவரை, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் சட்டப்படி சம்பளத்தோடு 12 வாரம், அதில் 6 வாரத்துக்கு மேல் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடியாது. எப்போதிலிருந்து லீவு என்பதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.